யாருமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்

நிக்கோமீடியா,
ஆகஸ்ட் மாதக் கடைசி

அக்கா தோம்னாவுக்குத் தம்பி திபியஸ் எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தான் சோசிமஸும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று இந்த ஊர்க் கோயிலில் உங்கள் பெயர்களைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்த என்னைச் சிறைக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். வெயில் இல்லை என்பது ஒன்றுதான் வசதி. எங்களுக்கு மேலே ருபெல்லியஸ் என்று ஒரு நூற்றுவர் தலைவர். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டே ஆளைப் பார்ப்பார், அதற்கே எல்லோரும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

போன வாரம் கிழக்குத் துறைமுகங்களிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி ஆள் சேர்க்கிறவர்கள். அவர்களில் பெண்களும் உண்டு. இங்கே அரசாங்கம் கொடுப்பது காய்ந்த வாற்கோதுமை ரொட்டியும் தண்ணீரும்தான். மற்றதெல்லாம் சொந்தக்காரர்கள் கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எனக்கு ஓர் உதவி செய். அடுத்த மரக்கலத்தில் நம் வீட்டுச் சூரைக் கருவாடு கொஞ்சம் அனுப்பு. வயிற்றுப் பகுதியாக, மெல்லுவதற்கு மெத்தென்று இருக்கட்டும். கூடவே ஒரு கம்பளிப் போர்வை. பழுப்பு நிறம், ஓரத்தில் குஞ்சம் வேண்டாம். கூட வேலை பார்ப்பவனின் மனைவிக்கு.

அம்மாவைப் பற்றி ஏதாவது தகவல் வந்ததா? சும்மாதான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
திபியஸ்

*

அமாஸ்திரிஸ்,
செப்டம்பர்

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். அப்பாவுக்கு முதுகு வலி விட்டபாடில்லை, இருந்தும் உப்புத் தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய்.

அந்தப் பேச்சை எடுக்காதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்வது? அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பம். அடுப்பில் பால் இருந்தது. துணி விற்கிற ஒரு பெண் பேசிய பேச்சில் மயங்கி, அவளோடு வாசற்படி இறங்கிப் போனாள். மூன்று வருடம் ஆகிவிட்டது. பிள்ளை செத்துப் பிறந்த அன்று என் தலைமாட்டில் அடுத்த வீட்டுக்காரிதான் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஊரைக் கூட்டி அவள் செத்துப்போனதாகச் சொல்லிக் காரியமும் செய்துவிட்டார். அது அப்படியே இருக்கட்டும்.

கருவாடு அனுப்பியிருக்கிறேன். போர்வையும் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பழுப்பு நிறம், குஞ்சம் வேண்டாம், பல்லுக்கு மெத்தென்று மீன் வேண்டும் என்றால், உன்னோடு வேலை பார்ப்பவன் கட்டியிருப்பது கிழவியையா? குஞ்சம் முகத்தில் உரசுகிறது என்று வெட்டி எறிகிற ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும்.

என்னிடம் மறைக்காதே. நேராக எழுது.

நலமாக இரு.
தோம்னா

*

நிக்கோமீடியா,
செப்டம்பர் கடைசி

அக்காவுக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அத்தானைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

அம்மா இங்கேதான் இருக்கிறாள்.

கைதிகளைப் படியிறக்கிக் கொண்டுவந்தபோது நான் ஈட்டியோடு நின்றிருந்தேன். நான்காவதாக வந்தாள். இளைத்திருக்கிறாள், காலில் சங்கிலி. என் வாய் தானாகத் திறந்துவிட்டது. அவள் முந்திக்கொண்டாள். பக்கத்தில் வந்த காவலனிடம், "ஐயா, அந்தத் தம்பி ஏன் இப்படி முறைக்கிறாரு? கிழவியை அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வாய் மூடிக்கொண்டது.

பிறகு ஒவ்வொருவராக எழுத்தர் முன்னால் நிறுத்தினார்கள்.

"பேரு?"

"மெலித்தே."

"ஊரு?"

"நடந்த ஊரெல்லாம் என் ஊருதான்."

"புருஷன்?"

"இல்லை."

"பிள்ளைங்க?"

நான் இரண்டு எட்டு தூரத்தில் நிற்கிறேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாருமில்லைன்னு எழுதிக்குங்க ஐயா."

எதற்காகச் சொன்னாள் என்று உனக்குப் புரியும். கைதிகளில் உறவினர் இருந்தால் உடனே சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்துதான் இந்தக் காவலுக்கு வருகிறோம். மறைத்தவனுக்குப் பிரம்படி நிச்சயம். இந்தக் கூட்டத்தார் விஷயத்தில் தலையே போனாலும் போகும். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்ல விடவில்லை. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்பார்கள்.

அவளை விடுவிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பேரரசரின் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை தூபம் போட்டு, கொஞ்சம் மதுவை ஊற்றி, கிறிஸ்துவைப் பழித்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றே வீட்டுக்குப் போகலாம். போன வாரம் மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். அவள் மாட்டேன் என்கிறாள்.

அப்பா வர வேண்டும், அக்கா. கட்டிய கணவன் வந்து, புத்தி கெட்டுப்போய்த் திரிகிறாள், நான் அழைத்துப் போகிறேன் என்று கேட்டால் ருபெல்லியஸ் யோசிப்பார். என் பெயரைச் சொல்லாமல் அப்பாவிடம் பேசு.

குளிர் வந்து கடல் வழி மூடுவதற்குள் பதில் போடு.
திபியஸ்

*

அமாஸ்திரிஸ்,
அக்டோபர்

தம்பிக்கு. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா? இரவில் தூங்கப் பார்.

அப்பாவிடம் கேட்டேன். நீ சொன்னபடி உன் பெயரை எடுக்கவில்லை, மரக்கலத்து ஆள் ஒருவன் சொன்னதாகச் சொன்னேன்.

"அம்மா இருக்கிற இடம் தெரிஞ்சுதுப்பா."

"யாரு அம்மா?"

"உங்க பெண்டாட்டி. நிக்கோமீடியாச் சிறையில இருக்காங்களாம்."

மீனைக் கீறிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவே இல்லை. "ஊரறியக் காரியம் பண்ணியாச்சு. செத்தவங்க எங்க வேணும்னாலும் இருக்கட்டும்" என்றார். மறுபடி கேட்டதற்குக் கத்தியைத் தொட்டியில் வீசிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வேளை சாப்பிடவில்லை.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. பிள்ளைகள் இல்லை என்று சொன்னாளாமே. உன் விஷயத்தில் அது பொய். என் விஷயத்தில் என்ன பொய் இருக்கிறது? மூன்று வருடமாக உண்மையும் அதுதானே.

இருமல் இருக்கிறதா அவளுக்கு? குளிர் தொடங்கினாலே வருமே. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

நீ ஜாக்கிரதையாக இரு. அந்த அதிகாரி முன்னால் அவள் பக்கம் பார்க்காதே.
தோம்னா

*

நிக்கோமீடியா,
அக்டோபர் கடைசி

அக்காவுக்கு. நலம் விசாரிக்க நேரமில்லை, எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த வருடத்தின் கடைசி மரக்கலம் கிளம்புகிறது. இதை அதில் ஏற்றியாக வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் முறை எனக்கு வந்தபோது அவளோடு பேசினேன்.

"அம்மா."

"யாருக்குப்பா நீ அம்மாங்கறே? குடுவையை நீட்டு, பேசாம ஊத்து."

"யாரும் இல்லைம்மா பக்கத்துல."

ஒரு வாய் குடித்தாள். பிறகு, "மீசை உனக்கு நல்லாவே இல்லை" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னைப் பற்றிக் கேட்டாள். குழந்தை என்ன குழந்தை என்று கேட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தூபம் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "மனசு வேற, வாய் வேறன்னு வெச்சுக்கோம்மா. ஒரு சிட்டிகைதானே?"

"உன்னைத் தெரியாதுன்னு சொன்னேனே, அது என் உசிரைப் பிச்சுக்கிட்டு வந்துச்சுடா. அவரையும் தெரியாதுன்னு சொன்னா அப்புறம் எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?" என்றாள். 

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று வந்திருக்கிறது. ஊர் இல்லை, கணவன் இல்லை, பிள்ளை இல்லை என்றாள் அல்லவா? ருபெல்லியஸ் அதைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒருத்தி இருந்தால் அவள் எங்கிருந்தோ ஓடிவந்த அடிமைப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். சுதந்திரமாகப் பிறந்தவளை வாயால் விசாரிப்பார்கள். அடிமையை விசாரிப்பது வேறு விதம். கயிறு கட்டும் மரச்சட்டம் ஒன்று கீழ் அறையில் இருக்கிறது. கூட்டாளிகளின் பெயர்களையெல்லாம் கக்க வைப்பதற்கு.

அதைச் சொன்னபோதுதான் அவள் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். "சாகறதுக்குப் பயமில்லைடா. என் வாய்க்குத்தான் பயம். வலியில அது யார் பேரையெல்லாம் சொல்லுமோ, உன் பேரையும் சொல்லிட்டா?" என்றாள்.

ஜனவரியில் விசாரணை. இவள் சுதந்திரப் பெண் என்று சொந்தம் யாராவது வந்து சாட்சி சொல்ல வேண்டும். யாரும் வராவிட்டால் நானே முன்னால் போய்ச் சொல்லிவிடுவேன்.

உன் தம்பி
திபியஸ்

*

கிளாடியோபோலிஸ்,
டிசம்பர்

தம்பிக்கு. நானும் உன் அத்தானும் நலம். இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது.

உன் கடிதத்தைச் சுமந்த மரக்கலம் காற்றில் மாட்டி ஹெராக்ளியாவில் கரையேறி, அங்கிருந்து சுமைக்காரர்களிடம் கைக்குக் கை மாறி எனக்கு வந்து சேர்வதற்குள் நவம்பர் பாதி போய்விட்டது. கடல் வழி இல்லை. கம்பளி வியாபாரிகளின் கழுதைக் கூட்டத்தோடு மலை வழியாக வந்துகொண்டிருக்கிறோம். அத்தான் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு அவரே கழுதை பிடித்துக்கொண்டு வந்தார். அவர் ஏன் அப்படித் தயங்கினார் என்பதை நேரில் சொல்கிறேன்.

அப்பாவிடம், அத்தானின் சித்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். நம்பினாரா தெரியவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று என் கழுதையின் கடிவாளத்தை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த மரச்சட்டத்தில் கட்டி இழுக்க விட்டுவிட்டு என்னால் வீட்டில் சோறு தின்ன முடியாது, அவ்வளவுதான்.

நான் வந்து சேரும் வரை வாயைத் திறக்காதே. தெருவில் என்னைப் பார்த்தாலும் தெரியாதவன் போலப் போ. வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் கம்பளி வியாபாரிகள் சத்திரத்தில் தங்குவோம்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு படு.
தோம்னா

*

பிருசா,
ஜனவரி

சத்திரத்தில் தங்கியிருக்கும் அக்காவுக்கு. நீங்கள் நலமாக வந்து சேர்ந்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் நிக்கோமீடியாவில் இல்லை. உன் கடிதம் கிடைத்த மறுநாளே, வரிப்பணப் பெட்டிக்குக் காவலாக என்னைப் பிருசாவுக்கு அனுப்பிவிட்டார் ருபெல்லியஸ். என்னைக் குறிப்பாகத்தான் பெயர் சொல்லி எடுத்தார். "உனக்கு மலைக் காத்து நல்லது, முகம் வாடியிருக்கு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

திரும்ப எப்போது அனுப்புவார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. விசாரணை முடிந்துவிட்டதா? கீழ் அறைக்குக் கொண்டுபோனார்களா? நல்லதோ கெட்டதோ ஒரு வரி எழுது. இங்கே வருகிற ஒவ்வொரு குதிரைக்காரனையும் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

திபியஸ்

*

நிக்கோமீடியா,
ஜனவரிக் கடைசி

தம்பிக்கு. நான் நலம். அவளும் நலம். இந்த இரண்டையும் முதலில் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களை விசாரணைக் கூடத்தில் நிறுத்தினார்கள். அவளைக் கொண்டுவந்தார்கள். நான் அனுப்பிய போர்வையைப் போர்த்தியிருந்தாள். தலை முழுவதும் நரைத்துவிட்டது. நீ அதை எழுதவே இல்லையே.

ருபெல்லியஸ் மெதுவாகத்தான் கேட்டார். "இந்தப் பொம்பளை யாருன்னு சொன்னே?"

"எங்க அம்மாங்க. அமாஸ்திரிஸ் ஊரு. கருவாட்டு வியாபாரி பாகாஸோட மனைவி. எங்க வம்சத்துல யாரும் அடிமையா இருந்ததில்லை. இவர் என் வீட்டுக்காரர், இவரும் சாட்சி."

"ஏம்மா, இது உன் பொண்ணா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்னை மகள் என்று ஒப்புக்கொண்டால் அது உன்னிடம் வந்து நிற்கும் என்று பயந்திருக்கிறாள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. "இந்தப் பொண்ணை நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள்.

ருபெல்லியஸ் என் பக்கம் திரும்பினார். "பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா உனக்கு?"

தம்பி, பனியில் வந்த களைப்போ என்னவோ, எனக்கு இருந்த பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "பார்த்ததே இல்லையா? நல்லாப் பாரு! இந்த மூக்கு யாரு மூக்கு? ஊரெல்லாம் போய் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நல்லது சொன்னியே, பெத்த பொண்ணு வலியில கத்தினப்ப எங்கேடி இருந்தே?" என்று கேட்டுவிட்டேன். ஆமாம், "டி" போட்டுத்தான் கேட்டேன். எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "தெரியாதவங்ககிட்ட எனக்கென்ன பேச்சு?"

கத்திய கத்தலில் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கண் என் கை போன இடத்துக்கு வந்தது.

"எத்தினி மாசம்?"

"உனக்கென்ன? நீதான் என்னைப் பார்த்ததே இல்லையே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எத்தினி மாசம்?"

"அஞ்சு."

"அஞ்சு மாசத்தோட பனியில கழுதை ஏறி வந்தியா? புத்தி இருக்கா உனக்கு? போன தடவை பட்டது போதாதா? சோசிமஸ்! ஏம்ப்பா, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? இவ கிளம்பறேன்னா நீயும் கழுதையைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுவியா?"

"அவரை ஏன் திட்டறே? நீ ஒழுங்கா வீட்டுல இருந்திருந்தா நான் ஏன் வரேன்?"

"நான் கூப்பிட்டேனா உன்னை? காலைத் தூக்கிப் படி மேல வை முதல்ல. ஐயா, யாராவது இவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்!"

ருபெல்லியஸ் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லையாம். எழுத்தரிடம், "எழுதிக்க. சுதந்திரப் பெண். புருஷன் உண்டு, மகள் உண்டு. சாட்சி போதும்" என்றார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வேற பிள்ளைங்க?"

"இல்லை" என்றேன் நான். "இல்லை" என்றாள் அவள். இருவரும் ஒரே நேரத்தில்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அமாஸ்திரிஸ்காரன் ஒருத்தன் நம்ம படையில இருக்கான்."

"எங்க ஊர்ப் பசங்க நிறையப் பேரு படைக்கு வந்திருக்காங்க ஐயா" என்றேன்.  அவர் வேறொன்றும் கேட்காமல் எழுந்து போய்விட்டார். எவ்வளவு நம்பினார், எவ்வளவு நம்பவில்லை என்று எனக்குத் தெரியாது.

கீழ் அறை இனி இல்லை. ஆனால் தூபம் போட மாட்டேன் என்பதில் மாற்றமில்லை, தீர்ப்பை ஆளுநரே சொல்வாராம். அதற்கு மார்ச் ஆகும். தினமும் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். சண்டை போட்டுக்கொண்டேதான் சாப்பிடுகிறாள். நேற்று என் தலையைப் பிரித்துப் பின்னிவிட்டாள். வழியில் குளிர் கூடுவதற்குள் வீட்டுக்குப் போ என்று விரட்டுகிறாள். அத்தானும் அவள் கட்சி. நாளை மறுநாள் கிளம்புகிறோம்.

குழந்தை விஷயத்தை உனக்கு எழுதாததற்குக் கோபிக்காதே. போன தடவைக்குப் பிறகு வாய்விட்டுச் சொல்லவே பயமாக இருந்தது.

நன்றாகச் சாப்பிடு.
தோம்னா

*

நிக்கோமீடியா,
மார்ச்

அக்காவுக்கு. நீயும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்துகொண்டு படி. அத்தான் பக்கத்தில் இருக்கட்டும்.

அம்மா போய்விட்டாள்.

என்னைப் பிருசாவிலிருந்து திருப்பி அழைத்தபோது தீர்ப்பு வந்திருந்தது. ஆளுநர் முறைப்படி மூன்று தடவை கேட்டாராம். மூன்று தடவையும் ஒரே பதில். வாளால் என்று எழுதிவிட்டார். அவளை நகர எல்லைக்கு நடத்திக்கொண்டு போன காவலில் நானும் இருந்தேன். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறொருவன் இழுத்துக்கொண்டு போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வழியில் ஒரு கல் தடுக்கிற்று. விழப்போனவளைப் பிடித்தேன். பிடியை விட என்னால் முடியவில்லை. "தம்பி, கை வலிக்குது, கொஞ்சம் தளத்திப் பிடி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். தளர்த்தினேன். அவள் தன் இன்னொரு கையை என் கைமேல் வைத்துக்கொண்டாள், வயதானவர்கள் தாங்கலுக்கு வைப்பது போல. எல்லை வரைக்கும் எடுக்கவில்லை. பேசவும் இல்லை. அவள் பயப்படவில்லை அக்கா. அதை மட்டும் நம்பு.

முடிந்த பிறகு, உடலைக் கேட்டு வர யாராவது உண்டா என்றார் எழுத்தர். அவளுடைய கூட்டத்தார் யாரும் பகலில் வர முடியாது. கேட்க ஆள் இல்லாவிட்டால் சுண்ணாம்புக் குழியில் தள்ளிவிடுவார்கள். ருபெல்லியஸ் காத்துக்கொண்டிருந்தார்.

நான் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"என்னைப் பெத்தவங்க."

 ருபெல்லியஸ் என்னை வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து உன்னைக் காப்பாத்தி வெச்சிருந்தாங்க. உனக்கு அது வேண்டாம்னு ஆயிடுச்சு" என்றார். பிறகு, "பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டு வந்து ஆயுதத்தை ஒப்படை" என்றார்.

கடல் தெரிகிற சரிவில் அடக்கம் செய்தேன். இப்போது அவள் இருந்த அதே அறையில் நான் இருக்கிறேன். தீர்ப்பு எப்போது, என்னவென்று தெரியாது. காவலுக்கு நிற்கும் நண்பன்தான் இதை அனுப்புகிறான்.

திட்டாதே அக்கா. அவளைக் குழியில் போட விட்டுவிட்டு மிச்ச நாளையெல்லாம் எப்படிக் கழிப்பேன்?

திபியஸ்

*

அமாஸ்திரிஸ்,
ஏப்ரல்

தம்பிக்கு. என் உடம்பு நலம். நீ உயிரோடிருந்து இதைப் படிக்க வேண்டுமென்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் கும்பிட்டுவிட்டேன். அவளுடையதையும் விடவில்லை.

திட்டத்தான் தோன்றுகிறது. திட்ட முடியவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முதல் கடிதத்திலிருந்து கடைசி வரை. உப்பு ஒட்டிய கையோடு நின்றுகொண்டே கேட்டார். அம்மா போய்விட்டாள் என்ற இடத்தில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீ சிறையில் இருக்கிறாய் என்றதும் உள்ளே போய், திருவிழாவுக்கு உடுத்துகிற அங்கியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எங்கப்பா?"

"மரக்கலம் எப்ப கிளம்புது?"

எனக்கு அடக்க முடியவில்லை. "அவளுக்கு வராத கால் இவனுக்கு மட்டும் எப்படி வருது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் அங்கியை மடித்துக்கொண்டே இருந்தார். ஒழுங்காக மடிக்க வரவில்லை. நான்தான் வாங்கி மடித்துக் கொடுத்தேன். "அங்க இன்னும் குளிருமா?" என்று கேட்டார்.

இந்தக் கடிதம் வருகிற அதே மரக்கலத்தில்தான் அவரும் வருகிறார். நம் துறைமுகத்துப் பெரியவர்கள் நான்கு பேரிடம் உனக்காகச் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வாசல் வாசலாகப் போய் நின்று, என் மனைவி செத்தது இப்போதுதான் என்று சொல்லித்தான் வாங்கினாராம். கையெழுத்துப் போட்டவர் ஒருவர் வந்து சொன்னார்.

அவரை அதிகம் பேசவிடாதே, கோபம் வந்துவிடும்.
தோம்னா

*

நிக்கோமீடியா,
மே

அக்காவுக்கு. நானும் அப்பாவும் நலம். நலம் என்றால், அவருக்கு முதுகில் வலி, எனக்கும் முதுகில் வலி. இருபது பிரம்படி. படைப் பட்டியலில் என் பேரை அடித்துவிட்டு விரட்டிவிட்டார்கள். உயிர் மிஞ்சியது. இன்னும் நாலைந்து நாளில் மரக்கலம் ஏறுகிறோம். உனக்கு மாதம் நெருங்குகிறது, அலையாமல் வீட்டில் இரு.

அப்பா தினமும் திருவிழா அங்கியோடு ருபெல்லியஸின் வாசலில் போய் நின்றார். உள்ளே கூப்பிட்ட அன்று அவர் பேசியதெல்லாம் இவ்வளவுதான்: "தாயைத் தாய்னு சொன்னதுக்குத் தலையை எடுப்பீங்கன்னா, அவனுக்குச் சொல்லிக் குடுத்த என் தலையையும் சேர்த்து எடுங்க." சொல்லிக் கொடுத்ததே இல்லை. அவருக்கும் தெரியும். ருபெல்லியஸ் சாட்சிக் கையெழுத்துகளைப் படித்துப் பார்த்துவிட்டு, தலை வேண்டாம், பிரம்பு போதும் என்று ஆளுநருக்கு எழுதிப் போட்டார்.

நேற்று அப்பாவை அம்மாவின் சமாதிக்கு அழைத்துப்போனேன். செருப்பைக் கழற்றினார். பிறகு மண்ணில் உட்கார்ந்துகொண்டு, இந்த வருடம் சூரை மீன் சரியாக வரவில்லை, உப்பு மட்டமாக இருக்கிறது, தோம்னாவுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது என்று என்னென்னவோ அவளிடம் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கடைசியில எப்பவாச்சும்... என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"கேட்டாங்கப்பா."

"என்ன கேட்டா?"

"முதுகு வலி தேவலையான்னு கேட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "அவளுக்குத் தெரியும். உப்பு மூட்டை தூக்கித் தூக்கி வந்ததுன்னு அவளுக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா அவரைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை, அக்கா. என்னிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டிருந்தால் நீ எழுதியிருப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடமும் கேட்பார். முதுகு வலியைப் பற்றித்தான் கேட்டாள் என்று நீயும் சொல்லிவிடு.

உன் தம்பி
திபியஸ்